இரண்டு ழ

பேர்ண். சைக்கிள் நிலவறைக்குப் பக்கத்து அறை.
ஹோட்டல் சமையலறையின் ஈரம் காயாத சப்பாத்தோடு
எட்டு மணிக்கு ஓடி வருவார் குலவீரசிங்கம்.
சம்பளம் இல்லை. பத்தொன்பது வருடம்.

"வணக்கம் நேயர்களே, இன்று வியாளக்கிளமை."
உடனே தொலைபேசி.
பீல் நகரிலிருந்து அதே பெண்:
"அண்ணை, அது ழ. ரெண்டு தரம்."
"திருத்திறன், தங்கச்சி."
திருத்தியதே இல்லை.

பனி, ரயில் தாமதம், மரண அறிவித்தல்,
துப்புரவு வேலைக்கு ஆள் தேவை,
கடைசியில் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள்.

மாசியில் இரண்டு வாரம் அழைப்பு வரவில்லை.

மூன்றாம் வாரம்
கண்ணாடிக்கு இப்பால் நான் ஒலியளவைப் பார்த்திருக்க,
நாக்கை மடித்து
"இன்று வியாழக்கிழமை" என்றார்.
இரண்டும் பிசகவில்லை.

ஏழு நொடி.
முள் எழும்பவேயில்லை.
பிறகு
ரயில் தாமதங்களை வாசித்தார்.