நூல்பிடிச்சான்குளம்: மறு அளவை

தாலுகா ஆபீஸ் அலமாரியில்
எலி தின்றது போக மிஞ்சிய துணிப்படம்.
கீழ்மூலையில் சிவப்பு மையில் ஒரு பெயர்:
செயின் மேஸ்திரி மாசிலாமணி.
தேதியைக் கரையான் கொண்டுபோய்விட்டது.
தாது வருஷப் பஞ்சம் முடிந்த கையோடு
என்கிறது ஊர். அப்படியே குறித்துக்கொண்டேன்.

கஞ்சிக்குக் குளம் வெட்ட வந்தவர்கள்.
பத்துக் கூடை மண்ணுக்கு ஓர் அகப்பை.
குளம் வெட்டி முடித்த பிறகும்
திரும்பிப்போக ஊர் இல்லாமல்
கரையிலேயே கிடந்தார்கள்.
கிடந்தவர்களை எடுத்து அடுக்கத்தான்
மாசிலாமணி வந்தார்,
அறுபத்தாறு அடிச் சங்கிலியோடு.

வடக்கு தெற்காக ஆறு தெரு,
நூல் பிடித்த மாதிரி.
முப்பதடி அகலம்.
வாசலுக்கு எதிரே வாசல் வராதபடி
தள்ளித் தள்ளி மனை.
வாட்டம் மேற்கிலிருந்து கிழக்கே,
நூறடிக்கு மூன்று அங்குலம்.
மேட்டுத் தெருவில் சட்டி கழுவினால்
கடைசித் தெருவுக்குத் தெரிந்துவிடும்
இன்றைக்கு அங்கே என்ன குழம்பென்று.

மேட்டில் கெங்கம நாயக்கர் வகையறா.
அடுத்து மறவர். அதற்கும் அடுத்து
தேரிக்காட்டிலிருந்து பாளையரிவாளோடு வந்த
பலவேசத்தின் பங்காளிகள்.
நாலாவதில் ராவுத்தர்மார்.
படத்திலேயே கோணலான கட்டம் ஒன்றுதான்,
பள்ளிவாசல்.
மாசிலாமணியின் நூலுக்கு அடங்காமல்
மெக்காவைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.
அஞ்சாவதில் கன்னடம் பேசும் தேவாங்கர்;
பாவு நீட்ட வேண்டுமென்று
அஞ்சடி கூட வாங்கிக்கொண்டார்கள்.
ஆறாவதில், சகதியில்,
சக்கிலியர் என்கிறது படம்.
அருந்ததியர் என்று எழுதுகிறேன் நான்.

மேட்டிலும் தெலுங்கு, பள்ளத்திலும் தெலுங்கு.
இடையில் நாலு தெரு.
ஒரே சொல்லில் பிள்ளையைக் கூப்பிட்டு
ஒரே சொல்லில் நாயை விரட்டி
நூறு வருஷத்துக்கும் மேலாக
ஒருவரை ஒருவர் சௌக்கியமா என்று கேட்டதில்லை.

தொண்ணூற்றிரண்டு பெருமழையில்
குளம் பின்வாங்கி ஊருக்குள் ஏறிய ராத்திரி,
எல்லி என்கிறவள்
இடுப்பில் பிள்ளையோடு மேற்கே ஓடினாளாம்,
நீள்ளு ஒச்சே, நீள்ளு ஒச்சே என்று கத்திக்கொண்டு.
தறிக்குழியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள்
நிமிர்ந்து பார்த்தார்கள்.
பள்ளிவாசல் திறந்திருந்தது, நிறையப் பேர் அங்கே ஒதுங்கினார்கள்.
இவள் நிற்கவில்லை.
மேட்டுத் தெருவில் ஒரு கதவு திறந்து
இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், தெலுங்கில்:
வா தாயே, உள்ளே வா.
பிறகு யாரோ அரிக்கேன் விளக்கை உயர்த்திப் பிடிக்க
அதே குரல் சொன்னது, தமிழில்:
தொழுவத்துல இருந்துக்கோ.

இதெல்லாம் அளவைக்குச் சம்பந்தமில்லாதது.
பட்டாவுக்கு அளக்க வந்திருக்கிறேன்.
அஞ்சு தெருவும் அரையடி பிசகவில்லை;
மெஷினைப் பார்த்துக்கொண்டே
மாசிலாமணிக்கு மனசுக்குள் ஒரு வணக்கம் வைத்தேன்.
ஆறாம் தெருவில்
துணியை வெயிலில் பிடித்தபோது
மைக்கு அடியில் ஒரு பென்சில் கோடு,
பொடி எழுத்தில்:
குளம் பெருகினால் நீர் நிற்கும் எல்லை.

தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு.
ரப்பரால் அழித்துவிட்டு
அதன்மேல் மனை போட்டிருக்கிறார்.
இருபத்திரண்டு மனை. சுத்தமாக, நேராக.

இன்றைய சட்டப்படி அது நீர்நிலை.
அதில் வீடு வைத்திருந்தால் ஆக்கிரமிப்பு.
பட்டா கிடையாது, நோட்டீஸ் உண்டு.
ஆக்கிரமித்தவர் பெயர் என்ற கலத்தில்
இருபத்திரண்டு பெயர் எழுத வேண்டும் நான்.

மாசிலாமணி, செயின் மேஸ்திரி
என்று எழுதினேன். மையில்.
தாசில்தார் அடிப்பார், தெரியும்.
மெமோ கூட வரலாம்.

மெஷினில் சார்ஜ் போய்விட்டது.
மிச்சத்துக்கு டேப்.
மறுமுனையில் எல்லியின் மகள் ஜெயராணி,
அன்றைக்கு இடுப்பில் இருந்தவள்.
நடுவில் தொய்கிறது, இழுத்துப் பிடி என்றேன்.

பிடிச்சுக்கிட்டுத்தான மேடம் இருக்கேன்,
நீங்க ஒங்க பக்கம் பாருங்க.