எதிர், பழைய எண் 14

பகுதி சபையில் உட்கார ஒரே ஒரு விதி,
மற்றதெல்லாம் அது போட்ட குட்டி:
விண்ணப்பிப்பவர் அந்தப் பகுதியில்
வசிக்க வேண்டும்.

வசிக்கிறாரா என்று பார்த்துவர
என்னை அனுப்பினார்கள்.
கும்மிடிப்பூண்டியில் ஏழு பத்து யூனிட்,
பேசின் பிரிட்ஜில் இறங்கி நடை.
பையில் இரண்டு விண்ணப்பம், ஒரு டிபன் டப்பா,
மை கசியும் அரசாங்க முத்திரை.

முதல் ஆள் கொ. வேங்கடரத்தினம்.
பழைய எண் 14, புதிய எண் 31, கொண்டல் முதலி தெரு.
சொத்து வரி ரசீது, மின் அட்டை, வாக்காளர் அட்டை,
எல்லாவற்றிலும் ஒரே எழுத்து, ஒரே எண்.
வீட்டுக்குள் கூரை முட்டப் பிளாஸ்டிக் வாளி,
மாடியில் மூடிகள்.
காவலுக்கு இருந்த பையன் இந்தியில் சொன்னான்,
சேட்டு முகப்பேரில்,
பொங்கலுக்கு வந்து சூடம் கொளுத்திப் போவார்.

இரண்டாவது ஜெ. பவுனம்மாள், வயது ஐம்பத்தொன்று.
முகவரி: எதிர், பழைய எண் 14.
அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.
ரேஷன் அட்டையிலும் எதிர்,
வாக்காளர் அட்டையிலும் எதிர்,
மகள் பிறப்புச் சான்றிதழிலும் எதிர்.
வாளிக் கிடங்கைத் திரும்பி நின்று பார்த்தால்
நடைபாதை, நீலத் தார்ப்பாய்,
மூன்று செங்கல்லின் மேல் கொதிக்கிற குழம்பு,
சூளை மேட்டுக்காரி ஒருத்தி
தண்ணீர் லாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.
அவள்தான்.

படிவத்தைப் பிரித்தேன்.
கதவு பூட்டியிருந்ததா, ஆம் அல்லது இல்லை.
மூன்று முறை சென்றும் ஆளில்லையெனில்
அறிவிப்பைக் கதவில் ஒட்டுக.
நான் கதவைத் தேடினேன், பழக்கதோஷம்.

"அறை எத்தனைம்மா?"
சிரித்தாள். "மழைக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணு.
ரெண்டும் இதான்."
சொந்தமா, வாடகையா, இதரவா?
"இதரன்னு போடு. எங்க கட்டம் எப்பவும் அதானே."

பிறகு ஒரு நோட்டை எடுத்தாள்,
பால் கணக்கு எழுதுகிற நீள நோட்டு.
விளக்குக் கம்பம் 117, செவ்வாயிலிருந்து எரியவில்லை.
பாதாளச் சாக்கடை மூடி, பாதி உடைசல்.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புகார் எண், தேதி,
போனில் பேசியவர் பெயர்.
அதில் பதினெட்டு
எங்கள் அலுவலகக் கணினியில்
தீர்க்கப்பட்டது என்று மூடியவை.
ஒன்றை நானே மூடியிருக்கிறேன்.
சொல்லவில்லை.

வேங்கடரத்தினத்தின் படிவத்தில் ஒரு வரி மிச்சம்:
அண்டை வீட்டார் சாட்சி.
இடது பக்கம் பட்டறை, வலது பக்கம் பேங்க் ஏ.டி.எம்.
காவல் பையனுக்கு ஓட்டு பாலசோரில்.
ராத்திரி அந்தத் தெருவில் தூங்குகிறவர்களில்
வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவள் இவள்தான்.

கேட்டேன்.
"வசிக்கிறாருன்னு சொல்ல முடியாது.
நல்ல மனுசர். போன வெள்ளத்துல
எங்க பானை சட்டிய உள்ள வெக்க விட்டாரு."
அதையே எழுதச் சொன்னாள், எழுதினேன்.
பேனாவை இறுகப் பிடித்து
ஒவ்வொரு எழுத்தாக ஊன்றிக் கையெழுத்திட்டாள்,
கீழே முகவரி: எதிர்.

"நீ எங்க இருக்கே?"
கும்மிடிப்பூண்டி என்றேன்.
"ஏம்மா, அங்க எத்தினி மணிக்குப் போய்ச் சேருவே?"
ஒன்பதரை.
"காலைல?"
ஆறு.
விரலை மடக்கினாள், பாதியில் விட்டாள்.
குழம்பை இறக்க நேரமாயிற்று.

பதினோரு நாளில் இரண்டு கோப்பும் திரும்பி வந்தன.
சொத்து வரி ரசீதோடு முதலாவது:
சாட்சி பெறப்பட்டது, ஏற்கலாம்.
சாட்சி சொன்னதை யாரும் படிக்கவில்லை,
சாட்சி இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.
இரண்டாவதில் பச்சை மையில்:
எதிர் என்பது ஒரு முகவரியா?
விளக்கம் அளிக்கவும்.

இரண்டிலும் அதே கையெழுத்து, அதே நீல மை,
'ம்' மேல் வைத்த புள்ளி காகிதத்தைத் துளைத்திருந்தது.

விளக்கம் எழுத உட்கார்ந்தேன்.
அதிகாரி போனார், மின்விசிறியை அணைத்துவிட்டு.
துப்புரவு முடிந்தது.
ஐந்து ஐம்பது யூனிட் போயிருக்கும்.
ஆறு இருபதும்.