8:17 லோக்கல்

டோம்பிவிலியிலிருந்து
என் தோளுக்கும் கம்பிக்கும் நடுவே
உல்கா சுர்வேயின் குடும்பத்தைச் சுமந்து வருகிறேன்.

பேர் எப்படித் தெரியும் என்கிறீர்களா?
லேடீஸ் பெட்டிக்கே தெரியும்.
சிலிண்டர்காரனுக்கு ஓடிபி சொன்னாளே,
நாலு, ஏழு, ஏழு, இரண்டு,
இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லையென்று
மூன்று தரம்.
நாத்தனாரோடு வளையல் தகராறு தெரியும்.
மகளுக்கு ராத்திரி நூற்றிரண்டு அடித்ததும்.

ஜன்னலோரம் பட்டாணி உரிப்பவள்
உச்சுக்கொட்டினாள்.
நானும் முகத்தைச் சுளித்தேன்,
சுளித்தபடியே என் போனில்
எவளோ ஒருத்தியின் சமையலறையை
மேயவிட்டுக்கொண்டிருந்தேன்,
சத்தமில்லாமல்.

முலுண்டு தாண்டியதும்
"டாக்டர் என்ன சொன்னார்டி?
ரத்தத்துல என்ன—"

திரை கறுத்தது.

சார்ஜர் தேடிப் பைகள் திறந்தன.
ஒன்றும் பொருந்தவில்லை.
என் போனை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டாள்.
கட்டைவிரல் கண்ணாடிக்கு ஓர் அங்குலம் மேலே
நின்றது.
"தொண்ணூற்றெட்டு..." என்றாள்.
காட்கோபர் வந்தது, போனது.
"தொண்ணூற்றெட்டு..."
பெற்ற பிள்ளையின் நம்பர்
செத்துப்போன போனுக்குள் கிடந்தது.

பட்டாணிக்காரியின் விரல் ஓய்ந்துவிட்டது.
இவள் வாயை மூடமாட்டாளா என்றிருந்த பெட்டி
இப்போது அவள் வாயையே பார்த்தது.

தாதரில்
வண்டி நிற்குமுன் குதித்து
எதிர் பிளாட்பாரத்துக்கு ஓடினாள்.
பிள்ளைக்கு என்னவென்று
எங்களில் யாருக்கும் இனித் தெரியாது.

பாலப் படி ஏறும்போது
சும்மாதான், என் புருஷன் நம்பரைச்
சொல்லிப் பார்த்தேன்.
தொண்ணூற்றெட்டு, இருபது,
அதற்கப்புறம் வாயில் வந்ததெல்லாம்
நாலு, ஏழு, ஏழு, இரண்டு.