வாடகைப் படகு

கப்பல் மாதிரி எதிர்பார்க்காதீங்க என்று
போனிலேயே சொல்லியிருந்தார் தேசிங்கு.
ஒன்பதாயிரம். டீசல், ஐஸ், டீ சேர்த்து.
வாந்திக்கு அவர் பொறுப்பில்லை.

காசிமேட்டில் நாலரை மணி.
ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு நடுவே
என் சித்தி மகன் வரதன்
தூண்டில்கோலை உறையிலிருந்து உருவினான்,
முகூர்த்தப் புடவையை எடுப்பதுபோல.
டொராண்டோவிலிருந்து அதற்குத் தனி லக்கேஜ் கட்டணம்.
அங்கே ஒரு ஏரியாம், மறுகரை தெரியாதாம்,
அலைகூட உண்டாம், உப்பு மட்டும் கிடையாதாம்.
தலைக்கு இத்தனை டாலர் என்று படகு பேசி
சால்மன் பிடிக்கப் போவார்களாம்.

"நம்மூரு சால்மன் காலாதான் சார்"
கயிற்றை அவிழ்த்துக்கொண்டே தேசிங்கு.
"பெரிய ஓட்டலுக்குள்ள போனா
பேரு மாத்திக்கும்."

துறைமுகத்துக்கு வெளியே
உள்ளே வர முறை வராத கப்பல்கள்
விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றன.
வடக்கே திரும்பினோம்.
எண்ணூர்ப் புகைபோக்கிகள் தெரிந்தபோது
நான் இரண்டாவது முறை குனிந்திருந்தேன்,
காலையில் குடித்த ஹார்லிக்ஸுக்கு விடைகொடுத்து.

வரதனின் பொய்மீன் வெள்ளியில் செய்ததுபோல மினுங்கியது.
எறிந்தான், சுற்றினான்,
எறிந்தான், சுற்றினான்.
அந்தக் கோலை யாரும் தொடக்கூடாது.
எனக்குக் கிடைத்தது
ஒரு மரக்கட்டையில் சுற்றிய நரம்பும்
துள்ளிக்கொண்டிருந்த ஒரு இறாலும்.
"சும்மா பிடிச்சிக்கினு இரும்மா,
மயக்கம் தெரியாது."

முகத்துவாரத்தில் தண்ணீர் இரண்டு நிறம்.
சாம்பல் பக்கம் நரம்பு தொங்கியது.
நான் ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் தேதியை
நினைத்துக்கொண்டிருந்தேன்.

இழுப்பு அல்ல முதலில்.
யாரோ கேட்டைத் தட்டுவதுபோல, ஒருமுறை.
அப்புறம்
கட்டை கையைவிட்டுப் பறந்து
படகின் பலகையில் குதித்து
நரம்பு என் ஆள்காட்டி விரலைக் கீறி
"வுடு! வுடு! இப்ப இழு!"
விடுவதா, இழுப்பதா,
கேட்க நேரமில்லை.

மூன்று கிலோ இருக்கும் என்றார்.
தாடைக்குக் கீழே நூல்நூலாக மீசை.
படகுக்குள் விழுந்து
எங்கள் செருப்புகளை அடித்தது.

"விட்டுடலாம்," என்றான் வரதன்.
"ஒரு போட்டோ எடுத்துட்டு விட்டுடலாம்.
அங்கே அப்படித்தான்."
தேசிங்கு பீடியை வாயிலிருந்து எடுத்தார்.
"எங்க வுடறது?"
"தண்ணியிலதான்."
"அதுக்கா ஒன்பதாயிரம்?"
இன்ஜினை அணைத்துவிட்டு
என்னைப் பார்த்தார்.
"புடிச்சது இவங்க. இவங்க சொல்லட்டும்."

சொல்லியிருப்பேன்.
ஒன்றிரண்டு நிமிடம் இருந்தது எனக்கு.
செதில் ஒட்டிய விரலை உறிஞ்சிக்கொண்டு
விலை, குழம்பு, பாவம், மாமியார்
என்று ஒவ்வொன்றாக யோசித்தேன்.
வால் நின்றுபோனது
மாமியாரில்.

கரையில் கூடையோடு நின்ற பெண்
செவுளைத் தூக்கிப் பார்த்து
எழுநூறு என்றாள், ஆயிரம் என்றாள்,
நான் தலையாட்டாததால்
"அப்ப நீயே வச்சிக்க" என்று நகர்ந்தாள்.

ஆட்டோவில் வரதன் மடியில் கோல்,
என் மடியில் காலா.
ராயபுரம் சிக்னலில்
டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்:
"சார் புடிச்சாரா?"

வரதன் வெளியே பார்த்தான்.
நான் கட்டுப்போட்ட விரலை
கண்ணாடிக்குத் தெரியும்படி
கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டேன்.