இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

முதலில் அதைக் கோளாறு என்றே நான் எண்ணவில்லை.
வள்ளியூர்ச் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிப் போகையில்
விடிகாலை நாலரைக்கு
பல்லி சொல்வதுபோல் ஒன்று,
பானெட்டுக்குள்.
பல்லிக்குப் பலன் உண்டு. இதற்கு என்ன பலன்
என்று யோசித்தபடியே கியர் மாற்றினேன்.

மூன்றாம் நாள் ஊதல்.
ச்சு... ச்சு...
உலைமூடி ஒருபக்கமாய்த் தூக்கிக்கொள்வது மாதிரி.
நான்காம் நாள் வெள்ளைப் புகை.
ரேடியேட்டருக்கு இரண்டு செம்புத் தண்ணீர்.
ஐந்தாம் நாள் ஒரு குடம்.
அடியில் குனிந்து பார்த்தால்
தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.
குடித்ததெல்லாம் எங்கே போகிறது?

எடைமேடைக்குப் பின்னால் பிரம்மநாயகத்தின் ஒர்க்‌ஷாப்.
"ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா எஞ்சின் பேசாதுக்கா"
என்று என்னையும் டீக்கடைக்காரனையும் சேர்த்து அடக்கினான்.
நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து
முனையை எஞ்சின் தலையில் ஊன்றி
கண்ணை மூடிக்கொண்டான்.
டாப்பெட்டைத் திருகிப் பார்த்தான்.
ஊதல் நிற்கவில்லை.
பிறகு டீசல் குழாய் நட்டுகளை
ஒவ்வொன்றாய்த் தளர்த்தி முடுக்கினான்.
ஒன்றைத் தளர்த்த, வண்டி குலுங்கித் தடுமாறியது.
"இவன் உழைக்கான்."
நாலும் அப்படியே.
இரண்டைத் தளர்த்தினான்: ஒரு மாற்றமும் இல்லை.
மூன்றை: அதேதான்.
"இந்த ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்கானுவ."
ஆயில் கம்பியை உருவிக் காட்டினான்.
பால் கூடிப்போன காப்பி.

ஹெட்டைக் கழற்ற ராத்திரி எட்டாகிவிட்டது.
கேஸ்கெட்டை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தான்.
இரண்டாம் வட்டத்துக்கும் மூன்றாம் வட்டத்துக்கும் நடுவே
சுண்டுவிரல் அகலத்துக்கு
அடிப்பிடித்த கருப்பு.
"தானாப் போனது இல்லக்கா.
தண்ணியில்லாம யாரோ ஓட்டிருக்காவ."

யாரோ.
என்னைத் தவிர வண்டியை எடுக்கிறவன்
என் கொழுந்தன் தவசிக்கனி ஒருத்தன்தான்.
விசாகத்துக்கு உவரி போய்வந்த அன்று
எப்போதும் விட்டெறிகிற சாவியை
டிவி மேல் ஓசையில்லாமல் வைத்தான்.

கேஸ்கெட்டைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்
அவன் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
நானும் நட்டுகளைத் தளர்த்தினேன்.
"உவரியில எத்தன மணிக்குக் கிளம்புன?"
"ஏன் மைனி, போலீசு கேக்க மாதிரி கேக்கிய?"
"வழியில எங்க நிறுத்துன?"
"திசையன்விளையில. பிள்ளைக ஐஸ் கேட்டுச்சு,
அதுக்கும் கணக்கா?"
"தண்ணி எங்க ஊத்துன?"
ஒரு மாற்றமும் இல்லை.
முருங்கைக்காயைத் தட்டின் இந்த ஓரத்திலிருந்து
அந்த ஓரத்துக்கு நகர்த்தினான்.

பிறகு சொன்னான்:
"முள்ளு செவப்புலதான் நின்னுச்சு மைனி.
நீங்கதான சொன்னிய,
அந்த முள்ளு பொய் சொல்லும், அதப் பாக்காதன்னு."

சொன்னேன்.
மூன்று வருஷம் அது சிவப்பிலேயே கிடந்தது,
கார்த்திகை மழையில் ஊறி நின்ற வண்டியிலும்.
மாசியில்
நானூற்றைம்பது ரூபாய்க்குப் புது சென்சார் மாட்டினேன்.
முள் உண்மை பேசத் தொடங்கியதை
வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பேட்டை லேத்தில் ஹெட்டின் முகம் சீவியது, ஆயில், கூலி,
எல்லாம் சேர்ந்து பதினாலாயிரத்துச் சொச்சம்.
"முழுசும் நான் தாரேன்" என்றான்.
பாதி போதும் என்றேன்.
மைனிக்கு இளகின மனசு என்று
பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான்.
சென்சார் கதையை இன்னும் அவனுக்கு நான் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நாலரைக்குச் சாவியைத் திருகினேன்.
ஊதல் இல்லை. புகை இல்லை.
முள் மெல்ல ஏறி நடுவில் நின்றது.
பல்லி மட்டும் சொல்லிற்று.
உடனே போன் போட்டு பிரம்மநாயகத்தை எழுப்பிவிட்டேன்.
"அது டாப்பெட்டுக்கா" என்றான் தூக்கத்தில்,
"அது எப்பவும் உள்ளதுதான்.
உங்களுக்கு இப்பதான் காது கேக்கு."