அளவு ஏழு

ஆனேக்கல் தாண்டித் தைலத் தோப்பின் ஓரம்
அது முன்பு கோழிப்பண்ணை.
நாங்கள் போனபோதும்
கம்பிவலையில் இறகு ஒட்டியிருந்தது.
மழை பெய்தால் தரை
கோழிகளை நினைத்துக்கொள்ளும்.

ரம்மியில் அப்பன் பணத்தைத் தொலைத்த சுஹைல்,
வாத்தியார் பைக்கைக் கொளுத்திய ப்ரஜ்வல்,
யாரையோ காதலித்ததைத் தவிர
ஒன்றும் செய்யாத தேஜஸ்,
மூன்று முறை வீட்டைவிட்டு ஓடி
மூன்று முறையும் மெஜஸ்டிக்கிலேயே பிடிபட்ட நான்.
பெல்ட், போன், பெயர்
மூன்றையும் வாசலில் கழற்றவேண்டும்.
நான் பதினொன்று.

மேஜர் பட்டாளத்தில் இருந்தவரில்லை.
ஏதோ மாலில் காவலுக்கு மேற்பார்வை.
விசில் மட்டும் அசல்.
சோறு சிந்தினால் சிந்திய இடத்திலேயே முட்டி.
எதிர்த்துப் பேசினால் தீவன அறை,
ஆறடிக்கு நாலடி, ஜன்னல் கிடையாது,
தவிட்டு வாசம் மூக்கிலிருந்து
ஒரு வாரம் போகாது.

இரவு படுக்குமுன் எண்ணிக்கை.
செவன்டீன், எயிட்டீன், ட்வென்ட்டி.
நடுவில் ஒன்றை ஏன் தாண்டுகிறோம் என்று
முதல் வாரம் கேட்டான் ப்ரஜ்வல்.
அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மாதக் கடைசியில் மேஜர்
என்னை மட்டும் ஆபீசுக்குக் கூப்பிடுவார்.
அங்கே தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன்.
பக்கத்து ஷெட் பையனுக்குக் கையில் சிரங்காம்,
அவனுக்குப் பதிலாக எழுதவேண்டுமாம்.

அன்புள்ள அம்மா, நலம்.
ஐந்து மணிக்கு எழுகிறேன்.
கோபம் குறைந்திருக்கிறது.
நீங்கள் கட்டிய பணம் கிடைத்தது.
இப்படிக்கு, தீனதயாளன்.

மர்ஃபி டவுனிலிருந்து பதில் வரும்.
'கண்ணு, உன் கையெழுத்து
எவ்வளவு திருந்திவிட்டது!
போன வருஷம் கால் அளவு ஏழு.
வளர்ற பிள்ளை, ஒன்பதாகவே வாங்கியிருக்கேன்.'

அந்த ஷூ எனக்கு வந்தது.
எழுத்துக் கூலி என்றார் மேஜர்.
நீல நாடா.
என் விரல்களுக்கு முன்னால் கொஞ்சம் காலி இடம்.

காலை ஓட்டத்தில் ஒரு நாள் பார்த்தேன்:
பக்கத்து ஷெட்டுக்குக் கூரையே இல்லை.

அன்றிரவு
எயிட்டீன் என்றான் தேஜஸ்.
ட்வென்ட்டி என்று சுஹைல் வாயெடுக்குமுன்
யாரோ சொன்னார்கள்,
சளி பிடித்த தொண்டையில், நிதானமாக:
பத்தொன்பது.

தமிழ் என்றால் நான்தானே.
விசில் கயிற்றால் முதுகில் அடி,
பிறகு தீவன அறை.

இருட்டு பழகவில்லை, குளிரும்.
விடியுமுன் எப்போதோ
காலை மடக்கினேன்.
ஷூவின் முன்னால் இருந்த காலி இடத்தில்
வேறு விரல்கள் இருந்தன.

கத்தவில்லை. கத்தினால் இன்னொரு நாள் கூடும்.

'அம்மாகிட்ட எழுது,' என்றது குரல்.
'என்ன?'
'ஏழுதான்னு எழுது.'
கொஞ்சம் கழித்து, வெட்கப்பட்டதுபோல்:
'வளரலைன்னு.'

அடுத்த மாதமும் நலம் என்று எழுதினேன்.
ஐந்து மணி, கோபம், பணம், எல்லாம் எழுதினேன்.
கடைசியில் ஒரு வரி:
அம்மா, என் கால் இன்னும் ஏழுதான். இனிமேலும் ஏழுதான்.
மேஜர் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார்,
படம் பார்ப்பதுபோல்.
தபால்தலையை அவரே நக்கி ஒட்டினார்.

ஒன்பதாம் நாள்,
ஞாயிறுகூட இல்லை,
கேட்டுக்கு வெளியே ஒரு பெண்.
வாட்ச்மேன் கன்னடத்தில் விரட்டிக்கொண்டிருந்தான்.
அவள் கம்பியை விடவில்லை.
நாங்கள் வரிசையாக ஓடி வந்தோம்.
எந்த முகத்தையும் அவள் பார்க்கவில்லை.
குனிந்து கால்களை மட்டும்,
ஒவ்வொரு ஜோடியாக.

பதினொன்றாவதாக நான்.

விசில் அலறியது. நான் நின்றேன்.
மண்டியிட்டு
நீல நாடாவை அவிழ்த்தபோது
எனக்கு முன்பே
உள்ளிருந்து ஒருவன் தன் காலை
மெல்ல உருவிக்கொண்டான்.