மூன்று மணி நேர முகம்

ஆர்லிஸ் டக்கெட்டின் தாடையில்
ரப்பர் தழும்பு ஒட்டுகிறவள் நான்.
மூன்று மணி நேரம் பிடிக்கும்.
அசையாதே என்பேன், அசைவான்.
வாய்க்குள் ஏதாவது ஒரு வரி ஓடிக்கொண்டேயிருக்கும்,
கோந்து காயுமுன் உதடு பிரிந்துவிடும்,
மறுபடி முதலிலிருந்து.

யங்ஸ்டவுனில் மூடிக்கிடந்த இரும்பாலை அது.
ஜனவரி.
எங்கள் மூச்சே
புகை எந்திரத்தின் வேலையில் பாதியைச் செய்தது.
அவன் வந்தது பாட்டு விற்க.
இயக்குநர் காஸிமிர் பாட்டைக் கேட்கவில்லை,
ஆறடி நான்கங்குலத்தை ஏற இறங்கப் பார்த்தார்,
கெண்டக்கிச் சுரங்கத்தில் செத்த அப்பன்
விட்டுப்போன ஒட்டிய கன்னங்களைப் பார்த்தார்.
"கோடாரி பிடித்திருக்கிறாயா?"
"விறகுக்கு."
"போதும்."

வசனம் கிடையாது. விளக்கு வைத்த தொப்பி, கோடாரி, நடை.
நாலாம் நாள் இரவு, படிக்கட்டுக் காட்சி.
அலமாரிக்குள் ஒளிந்த பெண்ணை நெருங்கும்போது
குளிருக்கோ கூச்சத்துக்கோ
அவன் முனக ஆரம்பித்தான்.
காமிரா ஓடிக்கொண்டிருந்தது.
அந்தப் பெண் நடிக்கவில்லை.
எனக்குத் தெரியும், கரைந்த கண்மையை
நான்தானே துடைத்தேன்.

அது மாக்சீனுக்கு எழுதிய பாட்டு.
கல்யாணத்துக்கு முந்தைய கோடையில்
அவள் வேலை முடிந்து வரும்வரை
சலவைக் கடைக்கு எதிரே, கார் மூக்கின்மேல் உட்கார்ந்து எழுதியது.
பின்கதவைத் தாழிடாதே,
பாதி வழி வந்துவிட்டேன்
என்று தொடங்கும்.
நாஷ்வில்லில் பதினொரு கதவுகளைத் தட்டினான்.
பன்னிரண்டாவது கதவில் காப்பி கொடுத்தார்கள்.

படக் கம்பெனி முந்நூறு டாலருக்கு வாங்கிக்கொண்டது,
சொற்கள் வேண்டாம், மெட்டு மட்டும்.
அடுத்த அக்டோபரில்
பள்ளிப் பேருந்தின் கடைசி வரிசையில்
பையன்கள் முனக, முன்வரிசைப் பெண்கள்
காதைப் பொத்திக்கொண்டார்கள்.
எழுதிய பாட்டுகள் நூற்று நாற்பது.
ஊர் பூராவும் தெரிந்தது இது ஒன்றுதான்,
அதுவும் வாயை மூடிக்கொண்டு.

இரண்டாம் பாகம். மூன்றாம் பாகம்.
மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் விவாகரத்து.
ஒருநாள் ஒட்டிக்கொண்டிருக்கும்போது
கண்ணாடி வழியே என்னைப் பார்த்துச் சொன்னான்:
மாக்சீன் போன் பண்ணினாள், வெர்னா.
என்னவாம்?
"இப்போதெல்லாம் பின்கதவைத் தாழிடுகிறேன், ஆர்லிஸ்.
ரெண்டு தடவை."
சிரித்தான். தழும்பின் ஓரம் கிழிந்தது.
நான் திட்டவில்லை,
பஞ்சைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஒன்பதாம் பாகத்தில் அவனை எரித்தார்கள்.
ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது:
தேவைப்பட்டால் திரும்பி வருவார்.
அன்று நேரமாகிவிட்டது.
பாதித் தழும்பை உரித்தபோதே எழுந்துவிட்டான்,
போலிஷ் சங்கத்தின் பாரில் வியாழக்கிழமைதோறும்
யார் வேண்டுமானாலும் பாடலாம்,
நீயும் வா என்றான்.

புதுப் பாட்டு. முந்தின வாரம்
"சாம்பல்" என்ற சொல்லுக்கு இயைபு தேடி
என் உயிரை வாங்கினானே, அது.
இரண்டாம் சரணம் நன்றாக இருந்தது.
இன்னும் நினைவிருக்கிறது, ஒரு சகோதரனின்
மதிய உணவு டப்பாவைப் பற்றி.
எவனோ பின்னாலிருந்து கத்தினான்: "முனகு!"
மேசைகள் தட்டத் தொடங்கின.
கிதாரைத் தோளிலிருந்து இறக்கினான்.
முனகினான்.
ஐஸ் எடுத்த கை அப்படியே நின்றது.
பேயறைந்த மாதிரி ஒரு கூடம், அறுபது பேர்,
ஒருவரும் குடிக்கவில்லை.
அவன் என்னைத் தேடிப் பார்த்தான்.
சந்தோஷமாகத்தான் இருந்தான்,
எனக்குப் பிடிக்காதது அதுதான்.

வீட்டுக்கு வந்து பிரஷ்களைக் கழுவினேன்.
அவன் தாடையின் பாதி
என் கைப்பையில், காகிதக் கைக்குட்டையில் சுருண்டு கிடந்தது.
என் பின்கதவின் தாழ்ப்பாள்
போன குளிர்காலத்தில் உடைந்தது.
ஆளைக் கூப்பிட வேண்டும் என்று
சொல்லிக்கொண்டேயிருக்கிறேன்.